பிள்ளை ராத்திரி தூங்குவதில்லை, பகலில் எரிந்து விழுகிறான்: எங்கே தொடங்குவது, என்ன எடுத்துப்போவது, எவ்வளவு ஆகும்

எங்கள் மூத்தவனுக்கு 16 வயது, பதினொன்றாம் வகுப்பு. போன வருடம் ஆடி மாதத்தில் ஆரம்பித்தது. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளுவான். தங்கை ரிமோட்டை எடுத்தால் கை ஓங்குவான். ஒருநாள் தாத்தாவின் போனிலிருந்து விளையாட்டுக் காசு வாங்க 3,200 ரூபாய் போயிருந்தது. கேட்டால், "ஏன் செஞ்சேன்னு எனக்கே தெரியலம்மா" என்றான். பொய் சொல்கிறான் என்று நினைத்தோம்.

அப்புறம் எட்டு மாதம் அலைந்தோம். கோபத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லித்தருகிறேன் என்ற ஒரு ஆலோசகரிடம் எட்டு முறை போனோம், முறைக்கு 1,200. தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு தனியார் இடத்தில் இரவு முழுக்க ஒயர் மாட்டிச் செய்யும் தூக்கப் பரிசோதனை, 14,500. ஆன்லைனில் வாங்கிய தூக்க மிட்டாய்கள் 1,400. இரத்தப் பரிசோதனை 2,300, டாக்டர்களுக்குக் கொடுத்தது ஒரு 3,000. முப்பதாயிரத்தைத் தாண்டிய பிறகு போய் நின்ற மனநல மருத்துவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "எத்தனை மணிக்குத் தூங்குறான், எத்தனை மணிக்கு எழுப்புறீங்க?" எங்கள் இரண்டு பேருக்கும் பதில் தெரியவில்லை.

இதே வேலையை வரிசை மாற்றாமல் செய்திருந்தால் மூன்று மாதமும் ஐந்தாயிரத்துக்குள் செலவும்தான் ஆகியிருக்கும். அந்த வரிசையைத்தான் கீழே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இந்த வழியில் போய் வந்த ஒரு அம்மா.

தொடங்கும் முன் ஒரு விஷயம். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினாலோ, கையைக் கிழித்துக்கொண்டாலோ இந்த வரிசையெல்லாம் வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104-க்கும் அழைக்கலாம். இன்னொரு அறிகுறியும் உண்டு. மூன்று மணி நேரம்தான் தூங்கியிருப்பான், ஆனால் களைப்பே இருக்காது. பேச்சு நிற்காது, பெரிய பெரிய திட்டம் போடுவான், காசை வாரி இறைப்பான். அது தூக்கம் வராத பிரச்சினை இல்லை, வேறு. நேராக மனநல மருத்துவரைப் பாருங்கள்.

1. பதினான்கு நாள் எழுதுங்கள்

இதற்கு ஒரு பைசா செலவில்லை, இதைவிடப் பயனுள்ளதும் இல்லை. ஒரு கோடு போட்ட நோட்டு போதும். ஒரு நாளுக்கு ஒரு வரி: படுத்த நேரம், தூங்கிய நேரம் (உத்தேசமாக), எழுந்த நேரம், பகல் தூக்கம், டீ காபி குடித்த நேரம், கடைசியாகப் போனைக் கீழே வைத்த நேரம், அன்றைக்கு நடந்த சண்டை.

எங்கள் நோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை இப்படி இருக்கிறது: "படுத்தது 10.45. தூங்கியது 1.50 இருக்கும். எழுப்பியது 4.50, டியூஷன். சாயங்காலம் 4.30 முதல் 6.40 வரை தூக்கம். 7.15 டம்ளர்." டம்ளர் என்றால் டம்ளரைச் சுவரில் அடித்தான் என்று அர்த்தம். எவர்சில்வர் டம்ளர், இன்னும் நசுங்கியபடி அலமாரியில் இருக்கிறது.

பதினான்கு நாளில் ஆறு சண்டை. அதில் ஐந்து, ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய மறுநாள். ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை வரை தூங்கியிருக்கிறான், அன்றைக்குச் சண்டையே இல்லை. ஆனால் அன்று ராத்திரி இரண்டரை மணி வரை முழித்துக் கிடந்தான். இதை நோட்டில் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அந்த டியூஷனில் சேர்த்துவிட்டதே நான்தான்.

13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். வயதுக்கு வரும் பருவத்தில் தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரக்கும் நேரம் ஒன்றிரண்டு மணி நேரம் பின்னுக்குப் போய்விடுகிறது. அதனால் பத்து மணிக்குப் படுக்க வைத்தாலும் அந்த உடம்புக்கு அது ராத்திரி எட்டு மணி மாதிரி. சோம்பலோ திமிரோ இதில் இல்லை. செய்யவா வேண்டாமா என்று ஒரு கணம் நிறுத்தி யோசிக்க வைக்கும் முன்மூளைப் பகுதி முழுதாக வளர இருபத்தைந்து வயது வரை ஆகும். தூக்கம் கெட்டால் முதலில் சோர்ந்துபோவதும் அந்தப் பகுதிதான். "எனக்கே தெரியலம்மா" என்று அவன் சொன்னது பொய்யில்லை.

எழுதும்போது ஒரு கண்ணி: பிள்ளைக்குத் தெரியாமல் எழுதாதீர்கள். நோட்டைக் கண்டுபிடித்து எங்கள் வீட்டில் அதற்கே ஒரு சண்டை நடந்தது. அவனிடமே கொடுத்து எழுதச் சொல்லுங்கள். சண்டை என்ற கட்டத்தை மட்டும் நீங்கள் நிரப்புங்கள். அதிலும் நீங்கள் கத்தியதையும் சேர்த்து எழுதுங்கள். பரீட்சை வாரத்திலோ பண்டிகை வாரத்திலோ தொடங்காதீர்கள், கணக்கு சரியாக வராது.

2. வீட்டிலேயே கவனிக்க வேண்டிய நான்கு

குறட்டை. தினமும் சத்தமாக விடுகிறானா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறானா? அப்படியென்றால் டான்சில், அடினாய்டு பார்க்கக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாயால் சொல்வதைவிட அது உதவும். எங்கள் பையனுக்குக் குறட்டையே இல்லை. அந்த 14,500 ரூபாய் பரிசோதனை அவனுக்குத் தேவையே இருக்கவில்லை.

கால். படுத்ததும் கால் குறுகுறுக்கிறது, ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்போல இருக்கிறது என்றால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது. உடம்பில் இருப்பிலுள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை என்று தனியாக ஒன்று உண்டு, டாக்டரிடம் அதைக் கேளுங்கள். மாதவிடாயில் அதிகம் போகும் பெண் பிள்ளைகளுக்கு இது ரொம்ப முக்கியம்.

காபியும் எனர்ஜி டிரிங்கும். குடித்த காபியில் உள்ள, தூக்கத்தை விரட்டும் கஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். பெட்டிக்கடையில் இருபது ரூபாய்க்குத் தொங்கும் சிவப்பு, நீல பாட்டில்களை ஒருமுறை கையில் எடுத்துப் படித்துப் பாருங்கள். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அதிலேயே போட்டிருக்கும். 250 மில்லி பாட்டிலில் 75 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கலாம். டியூஷன் முடிந்து ஏழு மணிக்கு ஒன்று குடித்துவிட்டு வருவான், நாம் போனைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

நான்காவது சங்கடமானது. உதட்டுக்குள் ஒதுக்கும் புகையிலைப் பொட்டலம், வேப் (மின் சிகரெட்), வேறு எதுவும். நிகோடினும் தூக்கத்தைக் கெடுக்கும். இதைக் கேட்கும்போது விசாரணை மாதிரி இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு அது வரவில்லை. அவன் சித்தப்பாதான் பைக்கில் டீக்கடைக்குக் கூட்டிப்போய்ப் பேசினார்.

3. ஃபைல்

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி இவற்றைப் போடுங்கள்:

- பதினான்கு நாள் நோட்டு அல்லது அதன் நகல்
- பிள்ளையின் ஆதார் நகல், உங்கள் ஆதார் நகல் (18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கூட வர வேண்டும்)
- இப்போது சாப்பிடும் எல்லா மருந்தும், சித்தா, ஆயுர்வேதம் உட்பட
- பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்கள்
- ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையான ரேங்க் கார்டுகள்

கடைசியாகச் சொன்னதைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் அதைத்தான் டாக்டர் அதிக நேரம் புரட்டினார். பொறுமையின்மை, அவசரம், கவனச் சிதறல் என்றதும் ஏடிஎச்டியா (கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும் கொண்ட கோளாறு) என்ற கேள்வி வரும். அது இருந்தால் 12 வயதுக்கு முன்பே அறிகுறி தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. மூன்றாம் வகுப்பு மிஸ் "இடத்தில் உட்காருவதில்லை, தொணதொணவென்று பேசுகிறான்" என்று எழுதியிருந்தால் ஒரு கதை. "அமைதியான மாணவன்" என்று எழுதியிருந்தால் வேறு கதை. எங்களுடையது இரண்டாவது. இணையத்தில் இருபது கேள்விக்குப் பதில் தட்டிவிட்டு "ஏடிஎச்டி இருக்கு" என்று வரும் முடிவை ஃபைலில் வைக்க வேண்டாம். தூங்காத எந்தப் பிள்ளையும் அதில் தேறிவிடும்.

4. யாரிடம் முதலில்

முதலில் குழந்தை நல மருத்துவர், அல்லது உங்கள் குடும்ப டாக்டர். எங்கள் பக்கம் 300 முதல் 500 ரூபாய். இரத்த அணுக்கள், ஃபெரிட்டின், தைராய்டு மூன்றும் பார்ப்பார்கள். எல்லாம் அடங்கிய "முழு உடல் பேக்கேஜ்" எடுக்கச் சொல்லி லேபில் ஆசைகாட்டுவார்கள், சீட்டில் எழுதியதை மட்டும் எடுங்கள். நான் பேக்கேஜ் எடுத்து 2,300 கட்டினேன். எழுதியதை மட்டும் எடுத்திருந்தால் அதில் பாதிதான்.

அங்கே ஒன்றும் இல்லையென்றால் மனநல மருத்துவர். "பைத்தியக்கார டாக்டரா" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். "தூக்க டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், அதில் பொய்யும் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உண்டு. மதுரைக்காரர்களுக்குப் பெரியாஸ்பத்திரி. சீட்டும் மாத்திரையும் இலவசம். புறநோயாளிப் பிரிவு காலையில்தான், எட்டு மணிக்குள் போய்ச் சீட்டு எடுத்துவிடுங்கள்; பள்ளிக்கு ஒரு நாள் லீவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாரில் எங்களுக்கு ஒரு முறைக்கு 800 ஆனது.

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்தவர், மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார், பேச்சு சிகிச்சை தருவார். அவருக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள். "ஆலோசகர்" என்ற பலகையை மட்டும் பார்த்துப் போகாதீர்கள். எங்கள் 9,600 அப்படித்தான் போனது.

பேப்பரில் ஏறிவிட்டால் நாளைக்குக் காலேஜ் சீட் கிடைக்காது என்று என் கணவர் பயந்தார். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரம் இரகசியம். மருத்துவமனை அதைப் பள்ளிக்கோ கல்லூரிக்கோ தூக்கிக் கொடுக்க முடியாது.

இன்சூரன்ஸை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், பெரும்பாலான பாலிசிகளில் புறநோயாளிச் செலவு கிடையாது. ராத்திரி படுத்தோமே என்று தூக்கப் பரிசோதனை பில்லை அனுப்பினேன். பரிசோதனைக்காக மட்டும் சேர்வது விலக்குப் பட்டியலில் இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். பாலிசித் தாளில் பார்த்தால் உண்மையாகவே இருக்கிறது.

5. தூக்க நேரத்தை நகர்த்துவது

எங்களுக்கு மருந்து எழுதவில்லை. "கடிகாரம் பின்னாடி போயிருக்கு, முன்னாடி இழுக்கணும்" என்றார் டாக்டர். நாங்கள் செய்தது இது.

எழும் நேரத்தைத்தான் முதலில் கட்டினோம். படுக்கும் நேரத்தை யாராலும் கட்ட முடியாது, படுத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்ப்பான். காலை 6.30, ஞாயிற்றுக்கிழமை 7.30. லீவு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சலுகை இல்லை. எழுந்த அரைமணிக்குள் வெளியே வெயிலில் இருபது முப்பது நிமிடம். எங்கள் வீட்டில் பால் வாங்கும் வேலை அவனுக்குப் போனது. நடந்துதான் போக வேண்டும், செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனாலும் சரி. காலை வெளிச்சம்தான் உள்ளே இருக்கும் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கிறது. மாத்திரையைவிட இதில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

சாயங்காலத் தூக்கத்தை அரைமணியாகக் குறைத்தோம், நாலரை மணிக்கு மேல் கிடையாது. முதல் வாரம் நரகம். அலாரம் அடித்ததும் தலையணை பறந்து வரும்.

படுக்கும் நேரத்தை அவன் நிஜமாகத் தூங்கும் நேரத்துக்கு ஒட்டி வைத்து, நாலைந்து நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவந்தோம். ஒன்றே முக்காலிலிருந்து பதினொன்றுக்கு வர ஏழு வாரம் ஆனது. ஒரே நாளில் பத்து மணிக்குப் படு என்றால் நடக்காது. படுத்து இருபது நிமிடமாகியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து போய் மங்கலான வெளிச்சத்தில் ஏதாவது சலிப்பான வேலை. எங்கள் வீட்டில் அது வெங்காயம் உரிப்பது. சின்ன வெங்காயம் அந்த இரண்டு மாதம் எனக்குப் பிரச்சினையாகவே இல்லை.

போன். ராத்திரி ஒரு மணிக்குக் கையிலிருந்து பிடுங்காதீர்கள், அந்த நேரத்தில் எந்தப் பேச்சும் சண்டையில்தான் முடியும். ஹாலில் ஒரு சார்ஜர் பலகை வைத்துப் பத்து மணிக்கு வீட்டில் உள்ள எல்லாப் போனும் அங்கே. எல்லாப் போனும் என்றால் அப்பாவின் போனும். என் கணவர் மூன்றாம் நாளே "ஆபீஸ் மெசேஜ் வரும்" என்று எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கே மகனும் எடுத்தான். தாத்தா சீரியல் பார்க்கும் ஹாலில்தான் அவன் பாய் விரிக்கிறான் என்பதையும் அப்போதுதான் யோசித்தோம். தாத்தா உள் அறைக்கு மாறினார், டிவி பத்து மணிக்கு அணைந்தது. அதற்கு அவர் கேட்ட விலை, தினமும் மதியம் மறு ஒளிபரப்பு.

தூக்க மிட்டாய், பாட்டியின் தூக்க மாத்திரை இரண்டும் வேண்டாம். அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற தூக்க மாத்திரைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது, பழக்கமாகிவிடும். மெலட்டோனினைக்கூட எந்த நேரத்தில், எவ்வளவு என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். மிட்டாயாக விற்பதில் லேபிளில் எழுதிய அளவும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. 2023-இல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட மெலட்டோனின் மிட்டாய் 25 வகையைச் சோதித்ததில் 22-இல் அளவு தவறாக இருந்தது.

6. பள்ளியும் டியூஷனும்

இதைச் செய்யாமல் ஐந்தாவது படி நிற்காது. காலை ஐந்தரை மணி டியூஷனை வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் தூங்கு என்றால் அவன் ஒன்பது மணிக்கே தூங்க வேண்டும்; அந்த வயதில் முடியாது.

டாக்டரிடம் லெட்டர் பேடில், பதிவு எண்ணோடு ஒரு கடிதம் கேளுங்கள். நோயின் பெயர் எழுத வேண்டியதில்லை, "மருத்துவக் காரணத்தால் காலை 7.30-க்கு முன் வகுப்புகளைத் தவிர்க்க வேண்டும், மூன்று மாதத்துக்கு" என்று இருந்தால் போதும். இரண்டு நகல். ஒன்றில் பள்ளி அலுவலகத்தில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நான் முதல் முறை வாங்கவில்லை. கடிதமே வரவில்லை என்றார்கள். டியூஷன் சாரிடம் கடிதத்தைவிட நேரில் போய்ப் பேசுவதுதான் எடுபட்டது. "சார், மாலை பேட்சுக்கு மாத்துங்க" என்றதும் முதலில் இடமில்லை என்றார், மாதக் கடைசியில் இடம் வந்தது. கட்டிய கட்டணத்தைத் திரும்பக் கேட்காமல் பேட்ச் மாற்றம் கேட்டால் சீக்கிரம் நடக்கும். இதற்கெல்லாம் நல்ல நேரம் ஜூன், அல்லது அரையாண்டு முடிந்த ஜனவரி முதல் வாரம். பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம் முன்னால் போய் நிற்காதீர்கள்.

7. அதுவரை சாவி, பணம், மாத்திரை

தூக்கம் சரியாக ஒன்றரை இரண்டு மாதம் ஆகும். அதுவரை அவசரப் புத்தி அப்படியேதான் இருக்கும். அறிவுரை சொல்லி அதை அடக்க முடியாது, கைக்கெட்டும் தூரத்தை மாற்றலாம்.

வண்டிச் சாவி உங்கள் கைப்பையில். 18 வயது ஆகாத பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு, வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. சட்டத்தை விடுங்கள், நாலு மணி நேரம் தூங்கியவன் கையில் வண்டி.

தாத்தாவின் யுபிஐ ரகசிய எண்ணை மாற்றி, நாள் வரம்பை 500 ஆக்கினோம். ஆப் ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். கூகுள் பிளேயில் போன காசாக இருந்தால் 48 மணி நேரத்துக்குள் திரும்பக் கேட்டுப் பாருங்கள். எங்களுக்குத் தெரிந்ததே ஆறாம் நாள்.

வீட்டில் உள்ள மாத்திரை, பூச்சிமருந்து, எலிமருந்து எல்லாம் பூட்டுக்குள். ஏன் என்று விளக்க வேண்டாம்.

8. மருந்து எழுதினால்

சில பிள்ளைகளுக்கு மனச்சோர்வோ பதற்றமோ ஏடிஎச்டியோ நிஜமாகவே இருக்கும், மருந்து தேவைப்படும். பயப்பட வேண்டாம், ஆனால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த நேரத்தில் கொடுப்பது, எத்தனை வாரத்தில் தெரியும், நிறுத்துவது எப்படி. ஏடிஎச்டிக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் தாமதமாகக் கொடுத்தால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். அது எக்ஸ் அட்டவணை மருந்து, அதாவது விற்பனைக்குக் கடுமையான கட்டுப்பாடு உள்ளது; சீட்டு இரண்டு நகல் வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார், எல்லாக் கடையிலும் கிடைக்காது. தீர்வதற்கு ஒரு வாரம் முன்னாலேயே தேடுங்கள். நன்றாகிவிட்டான் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

9. திரும்பப் போவது

நாங்கள் இரண்டு வாரத்தில் ஒருமுறை, அப்புறம் ஆறு வாரத்தில், அப்புறம் மூன்று மாதத்தில் போனோம். ஒவ்வொரு முறையும் அதற்கு முந்தைய பதினான்கு நாள் நோட்டை எழுதி எடுத்துப்போனோம். ஐந்தாவது நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கடைசி நோட்டில் ஒரு சண்டைதான். அது நியாயமான சண்டை, தங்கை அவன் ரெக்கார்டு நோட்டில் கோலம் வரைந்திருந்தாள்.

லீவிலும் திருவிழாவிலும் எல்லாம் கலையும். மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகரை வரவேற்கும் எதிர்சேவை பார்க்கப் போய் விடியவிடிய ஆற்றங்கரையில் நின்றான், தடுக்கவில்லை. மறுநாள் மதியம் வரை தூங்கவிடாமல் எட்டு மணிக்கு எழுப்பிப் பால் வாங்க அனுப்பினேன். பிற்பகலில் அரைமணி படுக்கவிட்டேன். மூன்றாம் நாள் பதினொன்றே காலுக்குத் தூங்கிவிட்டான்.